கர்னலுக்குப் பட்டு, பொற்கொடிக்குச் சீமாறு

பேராசிரியர் திருமலைசாமி கடிந்து பேசி அந்தக் கல்லூரியில் எவரும் கேட்டதில்லை. கணினி அறிவியல் துறைக்குத் தலைவர். வாயைத் திறந்தால் கண்ணு, அம்மணி, சாமி. நாக்கில் எந்நேரமும் கருப்பட்டிப் பாகு. பொற்கொடி பட்டப் படிப்பில் சேர்ந்த முதல் நாளிலேயே அந்தப் பாகு அவள்மீதும் வழிந்தது. எந்த ஊர் என்று விசாரித்தார். காரமடைக்குப் பக்கம் என்றாள். "ஊருக்குள்ளயா, காலனிப் பக்கமுங்களா?" என்றார். காலனி என்றாள். "நல்லதுங்க அம்மணி. நல்லாப் படிக்கோணும்" என்று வாழ்த்தி அனுப்பினார். வசைச்சொல் ஒன்றும் அதில் இல்லை. ஆனால் அந்த விடையை அவர் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார் என்பதும், எதற்காக வைத்துக்கொண்டார் என்பதும் இரண்டாம் ஆண்டில்தான் அவளுக்கு விளங்கின.

இரண்டாம் ஆண்டுப் பாடத்தில் ஒரு கேள்வி அவளைப் பிடித்துக்கொண்டது. மின்சாரம் பாய்ந்த நொடியில் கணினிக்கு என்ன தெரியும்? ஏறக்குறைய ஒன்றும் தெரியாது. ஒரு சிறு நிரல் முதலில் விழித்து, தன்னைவிடப் பெரிய நிரலை இழுத்து வந்து மெமரியில் அமர்த்த வேண்டும். அது எழுந்து மற்றவற்றை எழுப்ப வேண்டும். வகுப்பே இதைக் கைடு பார்த்து ஐந்து மதிப்பெண் விடையாக உருப்போட்டபோது, பொற்கொடி லோடர் எனப்படும் அந்தச் சிறு நிரலைத் தானே எழுத உட்கார்ந்தாள். ஆய்வகத்தின் மூலையில் கழித்துப் போட்டிருந்த கணினி ஒன்றில், பென் டிரைவ் ஒன்றைச் செருகி, வாரக்கணக்கில் தோற்றாள். தமிழ் எழுத்துக்களைப் புள்ளி புள்ளியாக அவளே வரைந்து வைத்தாள். கடைசியில் ஒரு மாலை, எந்த நிறுவனத்தின் சின்னமும் தோன்றுவதற்கு முன்பாக, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் "எழுந்தேன்" என்று ஒரு சொல் நின்றது. பக்கத்து இருக்கை ஆசிப் எட்டிப் பார்த்து, "நம்ம லேப்புல ஒரு சிஸ்டம் சொன்ன பேச்சைக் கேட்டு எந்திரிச்சிருக்குதுன்னா இதுதான் மொதல்" என்றான்.

அந்த மாதமே தரச்சான்றுக் குழு வரப்போகும் செய்தி வந்தது. குழுவில் விமலாராணி என்றொரு பேராசிரியை. இயங்குதளம் எழுதும் நிறுவனத்தில் பல ஆண்டுகள் உழைத்துவிட்டுக் கற்பிக்க வந்தவர். தாம் செல்லும் கல்லூரிகளில் யாரேனும் இத்தகைய வேலை செய்திருந்தால் பெங்களூரில் தம் கோடைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வார் என்று எல்லாரும் சொன்னார்கள். பொற்கொடிக்கு வேண்டியது அவர் எதிரில் ஐந்தே நிமிடம். கேட்டாள். "காட்டிப்போடலாமுங்க அம்மணி" என்றார் திருமலைசாமி.

குழு வருகிறது என்றால் கல்லூரிக்கு வெட்கம் வந்துவிடும். ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடந்த கழிவறைகள் திறந்தன. வாடகைக்கு வந்த பூந்தொட்டிகள் படிக்கட்டில் வரிசை கட்டின. அந்த ஒப்பனையோடு ஒப்பனையாகப் பேராசிரியர் ஒரு நாடகமும் வகுத்தார்: கணினிக்குள்ளே நடப்பதை மாணவர்கள் மேடையில் நடித்துக் காட்டுவது. எல்லாவற்றையும் ஆளுகிற கர்னலாக, மில் முதலாளி மகள் தேஜஸ்ரீ. பட்டுச் சேலை, தலையில் கிரீடம். கணக்கிடும் புராசஸராக மனோஜ்குமார், அட்டைக் கவசத்துடன். "என்னைய பிரிண்டராப் போட்டிருக்காரு. சும்மா நின்னாப் போதுமாம், தத்ரூபமா இருக்குமாம்" என்று ஆசிப் சிரித்தான். புரோகிராம்களாக வருகிறவர்கள் வேலை முடிந்ததும் காகிதங்களைக் கசக்கி மேடையில் எறிவார்கள். மேடைதான் மெமரி; அது நிரம்பிவிடும். வேறு வேலை நடக்க இடமிராது. அப்போது குப்பை அள்ளும் நிரல் வந்து பெருக்கி இடத்தை மீட்க வேண்டும். அதற்குப் பேராசிரியர் வகுப்பின் நாற்பது பேரைப் பார்க்கவில்லை. நேராகப் பொற்கொடியைப் பார்த்தார். புதுச் சீமாறு ஒன்று வாங்கி வைத்திருந்தார். பிடியில் ஜிகினாத் தாள் கூடச் சுற்றியிருந்தது.

நிரலில் இழிவு இல்லை என்பது அவளுக்குத் தெரியும். எவரும் பயன்படுத்தாத இடம் எது, இன்னும் ஒருவர் பற்றியிருக்கும் இடம் எது என்று தேர்ந்து பார்த்து விடுவிக்கிற கடினமான வேலை அது. ஆகவே அவள் கேட்டது ஒன்றுதான்.

"எனக்கு எதுக்குங்க சார் இந்த வேசம்?"

"உனக்குப் பழக்கமா இருக்குமேன்னுதான் கண்ணு."

வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் திகைக்கவும் இல்லை. காற்று வீசுவதைப் போல, வெயில் அடிப்பதைப் போல அந்தச் சொல் அவர்களைக் கடந்து போயிற்று. பொற்கொடியின் தாய் நூல் மில்லில் வேலை செய்கிறாள். தந்தை லாரி ஓட்டுகிறார். அவர்கள் வீட்டுத் துடைப்பம் எல்லார் வீட்டுத் துடைப்பத்தையும் போல அவரவர் வீட்டைத்தான் பெருக்கியிருக்கிறது. பிறகு எங்கே பழகினாள்? தாயின் கருவிலா? அழுகிய பழத்தின்மேல் தேன் தடவி நீட்டினாற்போல இருந்தது. முடியாது என்றாள்.

அவர் கோபிக்கவில்லை. நாடகத்தில் நின்றால், அது முடிந்ததும் அதே மேடையில் ஐந்து நிமிடம். நிற்காவிட்டால் நிகழ்ச்சியில் நேரம் இருக்காது என்று இதமாக எடுத்துரைத்தார். "ஒரு நாளைக்குத்தானே அம்மணி, கண்ணை மூடிட்டுச் செஞ்சுபோடு" என்று தேஜஸ்ரீயும் தோளைத் தொட்டாள். கிரீடம் வைத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு நாள் என்பது எப்போதும் ஒரு நாள்தான். எத்தனை தலைமுறையின் ஒரு நாட்கள் சேர்ந்து அந்தத் துடைப்பத்தின் பிடியாயின என்று அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

நாடகத்தன்று பொற்கொடி வேடம் பூணாமல், பென் டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு, அரங்கின் கடைசி வரிசையில் கதவோரம் உட்கார்ந்தாள். வந்துவிடுவாள் என்றே பேராசிரியர் நம்பியிருந்தார்; இல்லை என்று சொல்லிப் பழகாதவர்கள் அவள் கூட்டத்தார் என்பது அவர் கணக்கு.

கர்னல் ஆணையிட்டது. புராசஸர் ஓடியாடிக் கணக்கிட்டது. புரோகிராம்கள் காகிதங்களைக் கசக்கிக் கசக்கி எறிந்தன. மெமரி நிரம்பியது என்று கர்னல் அறிவித்தது. குப்பை அள்ளும் நிரலே வருக என்றது. மறுபடியும் வருக என்றது.

எவரும் வரவில்லை. திரை ஓரத்தில் நின்ற பேராசிரியர் சீமாற்றை மனோஜ்குமாரிடம் நீட்டினார், புராசஸர் பின்வாங்கியது. தேஜஸ்ரீ தன் பட்டைப் பார்த்துக்கொண்டாள். ஆசிப் தரையைப் பார்த்தான். நாற்பது பேரில், நடிப்புக்காகக் கூட, குனிந்து ஒரு காகிதத்தை எடுக்க ஒரு கை இல்லை. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பார்கள். இவர்களுக்கோ சுத்தமும் வேண்டும், தங்கள் கையும் அதில் படக்கூடாது. ஒரு பெண் வராததால் கணினி முழுவதும் அப்படியே உறைந்து நின்றது.

பேராசிரியருக்கு ஒரு யோசனை உதித்தது. கதவுக்கு வெளியே நின்ற துப்புரவுப் பணியாளர் சென்னியம்மாளை மேடைக்கு வரும்படி கையசைத்தார். குழுத் தலைவர் இதுவும் நாடகத்தின் அங்கம் என்று கருதிக் கைதட்டக் கையைத் தூக்கினார். உள்ளே நுழைந்த சென்னியம்மாளின் முன்னால் பொற்கொடி எழுந்து நின்றாள்.

"போகாதீங்க அக்கா."

"ஏங்கண்ணு? பெருக்கறது என்ற வேலைதானே?"

"வேலை சரிங்க. வேடிக்கை காட்டக் கூப்புடறாங்க."

சென்னியம்மாள் மேடையைப் பார்த்தாள். பட்டையும் கிரீடத்தையும் ஜிகினாச் சீமாற்றையும் பார்த்தாள். "சம்பளத்துக்குப் பெருக்கறேன் கண்ணு. கூத்துக்கு எவ பெருக்குவா?" என்று சொல்லிவிட்டு வந்த வழியே போனாள்.

விமலாராணிக்குக் குழப்பம். அந்தப் பாத்திரம் யாருடையது என்று கேட்டார். அந்த மாணவி இன்று வரவில்லை என்றார் திருமலைசாமி, புன்னகை மாறாமல்.

"வந்திருக்கறேனுங்க மேடம்" என்றாள் பொற்கொடி. "எனக்குச் சீமாறு பழக்கமா இருக்கும்னு சார் சொன்னாருங்க. எடுத்தா நான் எழுதின லோடரை உங்ககிட்டக் காட்ட அஞ்சு நிமிசம் தர்றதாவும் சொன்னாருங்க. அந்த அஞ்சு நிமிசம் எனக்கு வேண்டாமுங்க."

விமலாராணி ஏதோ சொல்ல வாயெடுத்துக் குழுத் தலைவரைப் பார்த்தார். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். உணவு காத்திருக்கிறது என்றார். நீதி கேட்கும் இடத்திலெல்லாம் நம் பெரியோர்க்குப் பசி வந்துவிடுகிறது. விமலாராணியும் எழுந்தார், வெளியேறும்போது பொற்கொடியின் முகத்தை அவர் பார்க்கவில்லை. பெங்களூர் அந்த வாசலோடு போயிற்று.

பேராசிரியர் இறங்கி அவளிடம் வந்தார். "இப்பிடிப் பண்ணிப்போட்டியே அம்மணி. உன்ற நல்லதுக்குத்தானே சொன்னேன்" என்றார். இப்போதும் குரலில் பாகு குறையவில்லை.

"என்ற நல்லதை இனி நானே பாத்துக்கறேனுங்க சார்" என்று சொல்லிவிட்டு அவள் ஆய்வகத்தை நோக்கி நடந்தாள்.

மதியம் குழு மறுபடியும் அரங்குக்கு வரும். அதற்குள் மேடை சுத்தமாக வேண்டும். சென்னியம்மாளைக் கண்ணில் காணோம். திருமலைசாமி ஒவ்வொருவராக அழைத்தார். கண்ணு என்றார், சாமி என்றார். "வாரேனுங்க சார்" என்றது கர்னல், கிரீடத்தைக் கழற்றியபடி. "இதோ வாரேனுங்க" என்றது புராசஸர். அத்தனை பேரும் அவர் கற்றுத்தந்த அதே இனிமையோடு வாரேன் வாரேன் என்று சொல்லிக்கொண்டே சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள். கசங்கிய காகிதங்களுக்கு நடுவில் அவரும் சீமாறும் மிஞ்சினார்கள். சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு விளக்கை அணைத்துவிட்டு அவரும் சாப்பிடப் போனார்.