பதினொரு விநாடி

அலுவலகத்தில் என்னைக் கத்தரி என்பார்கள். மனிதன் ஏன் பொய் சொல்கிறான், கூட்டத்துக்கு ஏன் வெறி பிடிக்கிறது என்றெல்லாம் புத்தகம் எழுதியவர்களைக் கூப்பிட்டுப் பேசவைத்து, இணையத்தில் ஒலிபரப்புகிற இடம். அவர்களுடைய இருமல், இழுவை, மௌனம் எல்லாவற்றையும் வெட்டி எறிவது என் வேலை. எப்பேர்ப்பட்ட மேதாவியும் நான் வெட்டுவதற்கு முன்னால் வெறும் திணறல்தான்.

அன்றைக்கு வந்தவர் ஒரு மனநல மருத்துவர். பிள்ளை பெற்ற புதிதில் தாய்மாருக்கு வரும் மனச்சோர்வைப் பற்றிப் புத்தகம் போட்டிருந்தார். தன்னிடம் சிகிச்சைக்கு வந்த ஒருத்தியின் கதையைச் சொன்னார். நாலாவது மாடி பால்கனியில் கைக்குழந்தையை வெளியே நீட்டி, விட்டுவிட்டால் என்ன என்று நின்றவளாம். பிறகு பதறி உள்ளே வந்து, பால்கனிக் கதவைப் பூட்டி, சாவியை ஜன்னல் வழியே வீசிவிட்டாளாம்.

"இதை எழுத அவங்க சம்மதிச்சாங்களா?" என்று கேட்டார் தொகுப்பாளர்.

மருத்துவர் பதினொரு விநாடி வாயே திறக்கவில்லை. பிறகுதான் "ஆமா" என்றார். வழக்கம்போல அந்தப் பதினொன்றையும் வெட்டினேன். கேட்க ஜோராக இருந்தது.

ஒலிபரப்பான மறுநாள் தங்கை போன் செய்தாள். அழுகையில் பாதி புரியவில்லை. அந்தப் பெண் அவள்தானாம். கூடப் பிறந்த எனக்கே தெரியாது! மருத்துவர் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். மாப்பிள்ளையும் நிகழ்ச்சியைக் கேட்டிருக்கிறார். சாவி தொலைந்துவிட்டது என்று அவள் சொன்னதை நம்பி அந்தப் பூட்டை உடைத்தவரே அவர்தான், புரியாமல் போகுமா? மகளை அழைத்துக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார்.

"ஒன்பது வருஷமா என்கிட்ட மறைச்சுட்டு, ஊருக்குச் சொல்ல மட்டும் சம்மதிச்சியான்னு கேக்கறார்ணா. அந்த டாக்டரம்மா பட்டுனு ஆமான்னு சொல்லிட்டாங்க. இனி யார் என்னை நம்புவா?"

பட்டென்று சொல்லவைத்த பாவி நான்தானே. வெட்டாத பதிவை மடிக்கணினியில் போட்டுக்கொண்டு அந்த அண்ணன் வீட்டுக்கு ஓடினேன்.

மாப்பிள்ளை முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் மகள் குட்டி பக்கத்து அறையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். கதவைச் சாத்திவிட்டு, பால்கனிக் கதையிலிருந்தே பதிவை ஓட்டினேன். மௌனத்தை ஒருவருக்கு எப்படிக் கேட்கவைப்பது? மூச்சாவது கேட்கட்டுமே என்று, வேலையில் செய்கிற பழக்கத்தில், ஆரம்பத்திலேயே ஒலியை முழுக்க ஏற்றிவிட்டிருந்தேன். மருத்துவர் எச்சில் விழுங்கியது கேட்டது. நாற்காலி கிறீச்சிட்டது. "ஆமா" என்றபோது குரல் நடுங்கியது.

மாப்பிள்ளை தலையைப் பிடித்துக்கொண்டார்.

"அவ சம்மதிக்கலை. நான்தான் அவசரப்பட்டுட்டேன் மச்சான். இப்பவே குட்டியைக் கூட்டிட்டுக் கிளம்பறேன்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கதவைத் திறந்தேன். அதை ஒட்டியே குட்டி நின்றுகொண்டிருந்தாள்.

"அந்தப் பாப்பா நான்தானே மாமா?"

நானும் அவள் அப்பாவும் ஒரே நேரத்தில் இல்லை என்றோம். அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அம்மா சாப்பிடாமல் காத்திருக்கிறாள், கிளம்பு கண்ணு என்று மாப்பிள்ளை கெஞ்சினார். அவள் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"வர்றேன்ப்பா. ஆனா என்னை அம்மாகூடத் தனியா விட்டுட்டு எங்கயும் போகக் கூடாது."