தகப்பன் தலையில் சத்தியம்

வெற்றிலையை விரித்து அதன் நடுவே சூடக் கட்டியை வைத்த விஜயகலா, தீக்குச்சியை எடுத்த பிறகும் உரசாமல் நின்றாள். ரப்பர் மரங்களுக்கு நடுவே இருந்த முனியாண்டிக் கல்லைச் சுற்றி, பாலை அளந்து கொடுத்துவிட்டு நேராக வந்த பெண்கள் கூடியிருந்தார்கள். அவர்கள் கைகளில் ரப்பர் பாலின் புளித்த வாடை இன்னும் இருந்தது. எல்லோருக்கும் தெரிந்த செய்தி ஒன்றுதான்: வெள்ளிக்கிழமை ருவான்வெல்லையிலிருந்து மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் வருகிறது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலேயுள்ள ஊற்றும் அதைச் சுற்றிய நிலமும் சுற்றுலா பங்களாவுக்குப் போகின்றன. லயமே தண்ணீர் பிடிக்கும் ஊற்றுக் குழாயான பீலியை உடைத்துவிட்டு, பதிலுக்கு ஒரு பிளாஸ்டிக் டாங்கி வைப்பார்களாம். அந்த டாங்கிக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்டதற்குத் தோட்டத் துரை சிரித்திருக்கிறார். வெள்ளிக்கிழமை விடியும்போதே, பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்துக்குப் போகாமல், பீலியடியில் போய் உட்கார்ந்துவிடுவது என்று பெண்கள் முடிவு செய்திருந்தார்கள். துரையின் காதுக்கு எட்டினால் பெக்கோ ஒரு நாள் முந்திவிடும். ஆகவே யாரும் வாய் திறக்கக் கூடாது. ஆனால் சத்தியம் கேட்கப்பட்டது சுமித்ராவிடம் மட்டும்தான்.

"தப்பா நெனச்சுக்காத புள்ள. ஒன்னய நான் நம்புறேன். இவுங்களுக்காகத்தான்" என்றாள் விஜயகலா.

"அப்ப நீங்களும் அடிங்கக்கா."

"எங்கப்பா என்ன தலக்கங்காணியா? அவரு மண்ணுக்குள்ள போயி எத்தன வருசம்!"

சிலர் சிரித்தார்கள். சுமித்ராவும் சிரிக்க முயன்றாள். போன மாதம் நிலத்தை அளக்க வந்தவர்களின் முன்னால் நின்று, அவர்களுடைய சிங்களத்தைவிடச் சுத்தமான சிங்களத்தில் கேள்வி கேட்டு, நாடாவைச் சுருட்டிக்கொண்டு திரும்ப வைத்தவள் அவள்தான். அன்று அவளைத் தோளில் தட்டிக்கொடுத்த அதே கைகள்தான் இன்று சூடத்தை நீட்டுகின்றன. அவளுக்கு அதில் கோபம் வரவில்லை. தலைக்கங்காணி கந்தையாவின் மகள் வேறொருத்தியாக இருந்திருந்தால், சத்தியம் வாங்க வெற்றிலை பறித்து வந்தவள் சுமித்ராவாகவே இருந்திருப்பாள். பெக்கோவுக்கு வழிகாட்டப் போகிறவர் கந்தையா. அவருடைய சோற்றைத் தூக்குச்சட்டியில் வைத்து நாள்தோறும் கொண்டுபோய்க் கொடுப்பவள் சுமித்ரா. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பேச்சும் நடக்காது என்று யாரால் நம்ப முடியும்?

"இருங்கடி," என்று குறுக்கே வந்தாள் சின்னம்மா. லயத்தில் அவள் நாக்குக்குத் தப்பியவர் இல்லை. "அப்பனோட முட்டிக்கிட்டு நிக்கிறவ அப்பன் தலையில அடிச்சா அதுல என்ன பாரம் இருக்கு? போனா போவட்டும்னு அடிச்சிருவா. அது சத்தியமா? சாபம்டி, சாபம்."

அந்தப் பேச்சில் நியாயம் இருந்தது. சத்தியத்தை மீறினால் அது விழுவது யார் தலையில் அடிக்கிறார்களோ அந்தத் தலையில். இழக்க அஞ்சாத தலையைப் பணயம் வைப்பதில் அர்த்தமில்லை.

விஜயகலா மெதுவாகக் கேட்டாள். "அவரோட பேசுவியா?"

"உப்பு கூடுனா சொல்லுவாரு. கூடலன்னா சொல்ல மாட்டாரு."

"அவருக்கு ஒண்ணுன்னா தாங்குவியா?"

சுமித்ரா சூடத்தைப் பார்த்தாள். தாய் இறந்த பிறகு, தலை பின்னத் தெரியாமல் பின்னி, கோணல் வகிடோடு தன்னைப் பள்ளிக்கு அனுப்பிய மனிதரின் முரட்டு விரல்கள்தான் நினைவில் வந்தன. கண் நிறைந்ததைப் பார்த்த விஜயகலா, "போதும்" என்று குச்சியை உரசினாள்.

இதிலுள்ள விசித்திரம் சுமித்ராவுக்கு அப்போதுதான் உறைத்தது. தகப்பன்மீது பாசம் இல்லை என்று காட்டினால் இவர்கள் நம்புவார்கள் என்றே இத்தனை நாள் எண்ணியிருந்தாள். சோற்றுச் சட்டியைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கூடக் கொண்டுபோயிருக்கிறாள். இப்போதோ அந்தப் பாசம்தான் பிணையாகக் கேட்கப்படுகிறது. அவளைச் சந்தேகிக்க வைத்ததும் அவளை நம்ப வைப்பதும் ஒரே பொருள்தான்.

சூடம் எரிந்தது. "எங்கப்பா தலையில சத்தியமா ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று உள்ளங்கையால் தீயை அடித்தாள். அடித்துக் கையை எடுத்திருக்க வேண்டும். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் சின்னம்மாவின் கண்கள் கையின்மேல் இருந்தன. சுமித்ரா கையை எடுக்கவில்லை. உருகிய சூடம் தோலில் ஒட்டிப் பொசுங்கும்வரை அழுத்திக்கொண்டே இருந்தாள்.

அன்று மாலை ஒரு ரொட்டியை அடுப்பில் போட்டுவிட்டு, அடுத்ததற்கு இடது கையால் மாவு பிசைந்துகொண்டிருந்தவளைக் கந்தையா வாசலில் நின்று பார்த்தார்.

"கையக் காட்டு பாப்பா."

"அடுப்புல சுட்டுக்கிட்டேன்ப்பா."

"காட்டு."

கொப்புளத்தின் நடுவே கறுப்பு வட்டம். அவர் வேலியோரம் போய்க் கோமாரிக்க எனப்படும் கற்றாழை மடல் ஒன்றை ஒடித்து வந்தார். முள்ளைச் சீவி, நடுவே பிளந்து, வழுவழுப்பான சோற்றுப் பக்கத்தைக் கொப்புளத்தின்மேல் வைத்துத் துணியால் கட்டினார். முடிச்சுப் போட்ட பிறகும் கையை விடவில்லை.

"சூடத்துல இவ்வளவு நேரம் கைய வச்சிருக்கியே. யாரு ஒன்ன நம்பல?"

அவள் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள்.

"என் தலையிலயா?"

அடுப்பில் ரொட்டி கருகும் வாசனை வந்தது.

"சரி. அப்ப ஒண்ணும் சொல்லாத. சொன்னா எனக்குத்தானே ஆகாது" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. "தொரைக்கிட்ட இல்லேங்கிறதுக்கு எனக்கு வாய் வராது பாப்பா. டாங்கியாவது பெருசா கேட்டிருக்கேன்."

பிறகு அவர் போனை எடுத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் சந்திவரை நடந்து போனார். யாரோடு பேசினார், என்ன பேசினார் என்பது அவளுக்குத் தெரியாது. அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சத்தியம் முழுசாகவே இருந்தது. ஆனால் பெண்கள் கூடி ஒருத்தியிடம் சூடத்தில் சத்தியம் வாங்கினால் அதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்று அறிய, லயத்தில் பிறந்து வளர்ந்த கங்காணிக்குச் சொல் எதற்கு? கையைச் சட்டென்று எடுத்திருந்தால் தழும்பே இருந்திருக்காது. நம்ப வைப்பதற்காக அழுத்திய அந்தக் கணம்தான் காட்டிக்கொடுத்துவிட்டது.

காலையில் அவள் எழுந்தபோது அவர் படுத்திருந்த பாய் சுருட்டியிருந்தது. பெரட்டுக்களத்திலும் அவர் இல்லை. கணக்கப்பிள்ளை தனியாக நின்று பேர் கூப்பிட ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கு முந்தைய நாளே தலைக்கங்காணி பெரட்டுக்கு வரவில்லை என்றால் அதற்கு ஒரு பொருள்தான்: பெக்கோவுக்கு வழிகாட்டப் போயிருக்கிறார். சுமித்ரா பெண்களை ஓரமாக அழைத்துத் துணியை அவிழ்த்துக் கையைக் காட்டினாள்.

"அப்பா இதப் பாத்துட்டாரு. நான் எதுவும் சொல்லல. ஆனா பெக்கோ இன்னைக்கே வருது. இப்பவே போவோம்."

"வருதுன்னு ஒங்கிட்ட சொன்னாரா?" என்றாள் சின்னம்மா.

"இல்ல. ஆனா வரும்."

"நல்லாருக்கே! இன்னைக்கிப் போயி ஒக்காருவோம், பெக்கோ வராது, தொரைக்கி நம்ம திட்டம் தெரிஞ்சிரும். நாளைக்கி பொலீஸோட வருவான். கங்காணி சொல்லிக்குடுத்தாரா, நீயா யோசிச்சியா?"

சத்தியம் செய்தவள் என்று சுமித்ரா சொல்லலாம். அந்தச் சத்தியம்தான் இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. இன்னொரு சூடம் கொளுத்த நேரமில்லை. கணக்கப்பிள்ளை முதல் பேரைக் கூப்பிட்டார். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். விஜயகலா தரையைப் பார்த்தாள். சுமித்ரா திரும்பி, ரப்பர் மரங்களுக்கிடையே பீலியடிக்கு இறங்கும் குறுக்குப் பாதையில் தனியாக நடந்தாள்.

பீலியடியில் யாரும் இல்லை. மூங்கிலுக்குப் பதிலாக எப்போதோ வைத்த இரும்புக் குழாயிலிருந்து தண்ணீர் எப்போதும்போல் விழுந்துகொண்டிருந்தது. அவள் பெக்கோ ஏறி வர வேண்டிய பாதையின் நடுவில் உட்கார்ந்தாள். தூறல் தொடங்கியது. ஒருத்தி உட்கார்ந்தால் அது மறியல் இல்லை என்று அவளுக்குத் தெரியும்; ஒருத்தியைத் தூக்கி ஓரமாக வைக்க ஓர் ஆள் போதும். அந்த ஆள் யாராக இருப்பார் என்பதும் தெரியும்.

கீழே, வெகு தூரத்தில், எஞ்சின் ஒன்று மேட்டில் திணறும் ஓசை கேட்டது.

அதே நேரத்தில் மேலேயிருந்து விஜயகலா இறங்கி வந்தாள். இடுப்பில் பால் வெட்டும் கத்தி, கையில் பால் வாளி. அவள் மூச்சிரைக்க நின்று சத்தம் வந்த திசைக்குக் காது கொடுத்தாள். அது பெக்கோவாகவும் இருக்கலாம், ரப்பர் ஷீட் ஏற்ற வரும் லொறியாகவும் இருக்கலாம்.

"நீ சொன்னது நெசமா இல்லயான்னு எனக்குத் தெரியல புள்ள" என்றாள்.

பிறகு வாளியைச் சுமித்ராவுக்குப் பின்னால், பாதையின் நடுவில் வைத்துவிட்டு, வந்த வழியே வேகமாக மேலேறிப் போனாள்.

பீலியடியில் வரிசையில் வைத்த வாளி ஆளுக்குச் சமம். உரியவள் அடுப்பைப் பார்க்கப் போயிருக்கலாம், பிள்ளையை எழுப்பப் போயிருக்கலாம். வாளி நிற்கும்வரை அவள் இடம் நிற்கும். அதை நகர்த்தியவளை லயம் லேசில் மன்னிப்பதில்லை. ஆனால் பால் வாளியை யாரும் பீலியடி வரிசையில் வைத்ததில்லை. அது இல்லாமல் இன்றைக்கு விஜயகலா பால் வெட்ட மரத்துக்குப் போகவும் முடியாது. அவள் மற்றவர்களை அழைத்து வரப் போனாளா, சின்னம்மாவிடம் தோற்று அங்கேயே நின்றுவிடுவாளா? சுமித்ரா மேல் பாதையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வளைவில் முதலில் தெரிந்தது ஒரு கறுப்புக் குடை. குடையின் கீழ் கந்தையா. அவருக்குப் பின்னால், இலைகளை உரசிக்கொண்டு, பெக்கோவின் மஞ்சள் கை. மகளைக் கண்டதும் அவர் நடை தளரவில்லை. அவளை அங்கே எதிர்பார்த்துத்தான் வந்திருந்தார். கிட்டே வந்து குனிந்து, துணி அவிழ்ந்து கிடந்த உள்ளங்கையைப் பார்த்தார். தூக்கிவிட ஒரு கையை நீட்டப்போனவரின் கண், அவளுக்குப் பின்னால் நின்ற வாளியில் விழுந்தது. சிவப்புச் சாயத்தில் எழுதியிருந்த இலக்கத்தைப் படித்தார். பேர் பார்க்காமலே யாருடைய வாளி என்று சொல்லக்கூடியவர் அவர்.

பெக்கோ ஓட்டி வந்த பையன் ஹார்ன் அடித்தான்.

"விஜயகலா எங்க?" என்றார்.

"வரிசையில நிக்கிறாங்கப்பா."

கந்தையா மேல் பாதையைப் பார்த்தார். மரங்களுக்கிடையே தூறலைத் தவிர எதுவும் அசையவில்லை. குடையைப் பிடித்த கை மெல்லத் தாழ்ந்தது; வாளியை நகர்த்த அவர் குனியவில்லை. எஞ்சின் உறுமிக்கொண்டே இருக்க, வெறும் வாளியின் அடியில் மழைத்துளிகள் விழத் தொடங்கின.