மாடிக்குப் போன நீல ஒயர்

மூன்றாவது முறையும் பாஸ்வேர்ட் தவறு என்றது கம்ப்யூட்டர். அபூர்வா டைரியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அப்பாவின் கையெழுத்தை ஓரோர் எழுத்தாகப் பார்த்துத் தட்டினாள். மறுபடி அதே சின்னப் பெட்டி திரையின் நடுவில் வந்து நின்றது.

கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் அப்பா சக்ரபாணி படுத்திருந்தார். விடியற்காலையில் காபி கேட்டவர், அது வருவதற்குள் போய்விட்டார். வாழ்நாளில் அவர் அவசரப்பட்டது இந்த ஒரு தடவைதான் என்று எட்டு மணிக்குள் அக்ரஹாரம் பேசி முடித்திருந்தது. பத்து மணிக்கு மகள் பெங்களூரிலிருந்து டாக்ஸியில் வந்து இறங்கினாள், தனியாக. மாப்பிள்ளை டூரில் இருக்கிறாராம். தெரு கேட்டுக்கொண்டது. நம்பியதா என்பது வேறு விஷயம்.

"அபூ, ஆதார் கிடைச்சுதா?" வாசலிலிருந்து சித்தப்பா மகன் ஸுமந்த் குரல் கொடுத்தான். "ஜெராக்ஸ் இல்லாம மயானத்துல ஒத்துக்க மாட்டா."

"பாத்துண்டிருக்கேன்டா. எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி மெயில்லதான் வெச்சிருப்பார்."

பக்கத்து வீட்டுக் கமலம்மாள் காபி ஃப்ளாஸ்க்கோடு அறை வாசலில் நின்றிருந்தாள். ஃப்ளாஸ்க் காலியாகி அரை மணி ஆகியிருந்தது.

"இன்னும் தொறக்கலையா? அப்படி என்னடி பூட்டு?"

"யாரும் படிக்க முடியாத மெயில், மாமி. பூட்டித்தான் வரும், பூட்டித்தான் போகும்."

"யாரும்னா?"

"யாரும்தான்."

கமலம்மாள் அதைத் தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொண்டாள். தப்பில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். சக்ரபாணி ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் போனில் பேசியது பதினொன்றுக்குக் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அதனால்தான் போன தீபாவளிக்கு மகளிடம் இந்தக் கணக்கைத் திறந்து தரச் சொன்னார். "கவர்மெண்ட் படிச்சா படிச்சுட்டுப் போகட்டும், பக்கத்தாத்துல படிக்கப்படாது" என்றார். அவள் இந்தக் கம்ப்யூட்டரிலேயே எல்லாவற்றையும் பொருத்திக் கொடுத்தாள்.

எழுபத்தொரு வயதில் பூட்டுப் போட்ட மெயில் எதற்கு? இதற்கே தெருவுக்குத் தூக்கம் போயிருந்தது. போதாக்குறைக்கு, வைகாசியில் மாடி அறைக்கு ஆள் வைத்து மஞ்சள் பெயிண்ட் அடித்தார். கீழ் ஜன்னலிலிருந்து மாடி ஜன்னலுக்குச் சுவரோடு இன்டர்நெட்டுக்கான ஒரு நீல ஒயர் ஏறியது. "யாரு வரா?" என்று கமலம்மாள் நேராகவே கேட்டாள். "வரவா வருவா" என்றார். வரப்போவது யாரென்று தெரு பல விதமாகப் பேசிக்கொண்டது. ஒன்றுகூட அவர் முகத்துக்கு நேராகச் சொல்லும்படி இல்லை.

அபூர்வாவுக்கு ஆதார் ஒரு சாக்கு. தையில், ரதசப்தமியன்று அப்பாவுக்கு அவள் ஒரு மெயில் எழுதியிருந்தாள். 'அப்பா, நானும் அவரும் பிரிஞ்சு ஒரு வருஷம் ஆறது. நான் அங்கேயே வந்துடட்டுமா? அம்மாகிட்ட இப்போ சொல்லாதே.' ஆறு மாதமாகப் பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் போனில் அப்பா பி.பி.யைச் சொல்வார், மழையைச் சொல்வார். பிறகு "வேற?" என்பார். "வேற ஒண்ணுமில்லேப்பா" என்பாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை "வேற?" என்பார். வரவேண்டாம் என்பதை வாயால் சொல்லக் கூசுகிறார் என்று நினைத்துக்கொண்டாள். அந்த மெயிலை அவர் திறந்தாவது பார்த்தாரா? அதுமட்டும் தெரிந்தால் போதும்.

அம்மா ரங்கம்மா உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். கையில் டம்ளர். "இந்தக் காபியை என்னடி பண்றது? கொட்டலாமா?"

"இங்க வைம்மா."

ரங்கம்மா வைக்கவில்லை. திரையைப் பார்த்தாள். "அது தினமும் அப்படித்தான் ஏதோ கேக்கும். உங்கப்பா கேன்சலைத் தட்டிட்டு எழுதிண்டிருப்பார்."

"தினமுமா? எப்போலேர்ந்து?"

"ரிப்பேர்காரர் வந்துட்டுப் போனதுலேர்ந்து. ஸ்லோவா இருக்குன்னு தேவராஜ மொஹல்லா கடைலேர்ந்து கூட்டிண்டு வந்தார். வேண்டாததெல்லாம் தானா ஓடறதுன்னு அவர் நாலஞ்சை நிறுத்திட்டுப் போனார்."

"எப்போம்மா வந்தார்?"

"ரதசப்தமிக்கு மறுநாளோ என்னவோ."

அபூர்வாவின் கை நின்றது. பாஸ்வேர்டில் ஒரு தப்பும் இல்லை. அந்தப் பூட்டு மெயிலுக்கும் இந்தத் திரைக்கும் நடுவில் பிரிட்ஜ் என்று ஒரு புரோகிராம் ஓடவேண்டும். வருவதைத் திறந்து கொடுப்பதும், போவதைப் பூட்டி அனுப்புவதும் அதுதான். அது ஓடாவிட்டால் சரியான பாஸ்வேர்டையும் தவறு என்றுதான் திரை சொல்லும். ஒன்றும் வராது, ஒன்றும் போகாது. "கம்ப்யூட்டர் போட்டா அதுவே ஆரம்பிச்சுடும்பா, நீ ஒண்ணும் தொடவேண்டாம்" என்று தீபாவளியன்று சொன்னது அவளேதான்.

திரையின் இடது ஓரத்தைப் பார்த்தாள். அவுட்பாக்ஸ். பக்கத்தில் ஏழு என்று போட்டிருந்தது: போகாமல் கிடந்த மெயில்கள்.

"ஆதார் கிடைச்சாச்சு!" என்றான் ஸுமந்த். "பெருமாள் அலமாரில இருந்தது. நீ விட்டுடு அபூ."

அவள் எழுந்திருக்கவில்லை. கமலம்மாள் இதையும் குறித்துக்கொண்டாள்.

பிரிட்ஜைத் தேடித் திறந்தாள். மூலையில் ஒரு சின்னப் படம் தோன்றியது. பாஸ்வேர்ட் பெட்டி தானே விலகிப் போனது. ஏழு ஆறாயிற்று. மேஜைமேல் அவள் போன் ஒரு தடவை அதிர்ந்தது. ஐந்து. மறுபடி அதிர்ந்தது.

"யாருடி அது, விடாம?" கமலம்மாள் கழுத்தை நீட்டினாள்.

போனில் அப்பாவின் பெயர். அதன்கீழே ஒரு வரி: 'ரூமுக்கு மஞ்சளா பச்சையா? சீக்கிரம் சொல்லு, ஆள் காத்துண்டிருக்கான்.'

அபூர்வா போனைக் கவிழ்த்து வைத்தாள். "ஆபீஸ், மாமி."

கவிழ்ந்த போன் அதிர்ந்து அதிர்ந்து மேஜை விளிம்பை நோக்கி நகர்ந்தது. ரங்கம்மா டம்ளரைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி வந்துவிட்டது, எல்லோரும் வாருங்கள் என்று கூடத்தில் கூப்பிட்டார்கள். கமலம்மாள் மனசில்லாமல் நகர்ந்தாள்.

"அம்மா, அப்பா உங்கிட்ட ஏதாவது..."

"அவ வருவா, நீ ஒண்ணும் கேக்கப்படாதுன்னார்" என்றாள் ரங்கம்மா. "நான் கேக்கலை."

டம்ளரைக் கடைசியில் மேஜைமேல் வைத்தாள்.

"மாடி ரூம் சாவி ஆணில இருக்கு."

வண்டி தெருமுனை திரும்பியது. உள்ளே யாரோ கூடத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவ ஆரம்பித்தார்கள். வாசலில் நின்ற கமலம்மாளைத் தாண்டி அபூர்வா மாடிப்படி ஏறினாள்.

"குளிக்காம எங்கடி போறே?"

மேலே பூட்டுத் திறக்கிற சத்தம். பிறகு வெகு நேரம் ஒன்றுமில்லை. கமலம்மாள் தெருவில் இறங்கி நின்று அண்ணாந்து பார்த்தாள். சுவரோடு தொய்ந்து கிடந்த நீல ஒயர் லேசாக இழுபட்டது. நின்றது. மறுபடி ஒரு முழம் ஜன்னலுக்குள் போனது.