வியாழக்கிழமைப் பேனா

ஞானையனிடம் ஆறு ஊற்றுப்பேனாக்கள் இருந்தன. நாளுக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமை அவர் எழுதுவதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஆறையும் கழுவி, சொட்டுக்குழலால் நீலக்கறுப்பு மை நிரப்பி, தேக்குப் பெட்டியில் வரிசையாகக் கிடத்துவார். எந்த எழுத்தைக் காட்டினாலும் எந்தக் கிழமைப் பேனா எழுதியது என்று சொல்லிவிடுவார். திங்கள் மெலிந்து ஓடும். வியாழனின் நிப்பு சற்றே பிளந்தது. கீழிறங்கும் கோட்டின் நடுவே மயிரிழை வெள்ளை விடும்.

அந்தப் பேனா ஆறு வருஷமாக எழுதவில்லை. வியாழன் விடிந்தால் அது மட்டும் காய்ந்து கிடக்கும். கசிவில்லை, பெட்டித் துணியில் கறையில்லை. வடசேரியில் பழுது பார்ப்பவன் ஊதிப் பார்த்து, "குறை ஒண்ணும் இல்ல சாரே" என்று திருப்பித் தந்துவிட்டான். ஆனாலும் சனிக்கிழமைதோறும் அதற்கும் மை ஊற்றினார். விலக்கி வைத்தால் ஏன் என்று தமக்கே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சபையின் அடக்கப் பதிவேட்டை எழுதுகிறவர் அவர். 1928இல், மனைவி நேசம்மாள் பிறந்த வீட்டுக்குப் போயிருந்த வாரம், சபைக்குச் சுண்ணாம்பு அடிக்க வந்த சிலுவைதாசனோடு மகள் லீலாபாய் போய்விட்டாள். ஞானையன் யாரிடமும் அழவில்லை. சவப்பெட்டிக்குள் ஆள் கனத்துக்கு வாழைத்தண்டு வைத்து ஆணியடித்தார். வாந்திபேதி என்றதும் ஒருவரும் திறக்கச் சொல்லவில்லை. அன்று வியாழன். 'லீலாபாய், வயது பத்தொன்பது' என்று பதிவேட்டில் எழுதினார். குடும்ப மானம் தப்பியது. மனைவி திரும்பியபோது மண் மூடியிருந்தது. அன்றுமுதல் அந்தக் கல்லறைக்கு அவள் பூ வைத்து வருகிறாள்.

இப்போது, இன்னொரு வியாழன் காலையில், வாசலில் மாட்டுவண்டி நின்றது. சிலுவைதாசன் முற்றத்தில் ஏறினான்.

"ஏலே, இங்க கால் வைக்க உனக்கு என்ன நெஞ்சழுத்தம்?"

"மாமா, லீலா நேத்து விடியுமுன்ன, வெளுப்பாங்காலம் போயிட்டா. பேறுகாலத்துல. அவளுக்க பேரு வெட்டின கல்லுக்க அடியிலயே போடணும்னு சொல்லியிருந்தா. கருங்கல் ஊருலேருந்து கொண்டுவாறேன்."

"எனக்க மக அடங்கி ஆறு வருஷமாச்சு. பதிவேட்டுல இருக்கு."

"அப்போ வண்டியில கெடக்கது யாரு?"

சிலுவைதாசன் மடியிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து நீட்டினான். "ஒங்களுக்கு எழுதினது. அனுப்பமாட்டா."

அவர் பிரித்தார். ஒவ்வொரு தாளிலும் ஒரே வரி. 'அப்பா, நான் உயிரோடிருக்கிறேன்.' நீலக்கறுப்பு மை. கீழிறங்கும் கோடுகளின் நடுவே மயிரிழை வெள்ளை.

"மை எங்க வாங்கினா?" தாளை வெளிச்சத்தில் பிடித்துக் கேட்டார்.

"வாங்கல்ல. கூலிக்காரன் வீட்டுல மைக்கூடு ஏது? வியாழக்கெழம விடிஞ்சா எழுதி வச்சிருப்பா. பேனாவ நான் கண்டதேயில்ல. கேட்டா சிரிப்பா."

உள்வாசலில் நேசம்மாள் நின்றாள். கையில் பூக்கூடை.

"நான் இத்தன நாளும் யாருக்குப் பூ வச்சேன்?" என்றாள். பதிலுக்கு நிற்காமல் இறங்கி வண்டிக்குப் போனாள்.

ஞானையன் உள்ளே போய்ப் பதிவேட்டைத் திறந்தார். வெள்ளிக்கிழமைப் பேனா நிறைந்திருந்தது. அதைத் தொட்டுவிட்டு அப்படியே வைத்தார். காய்ந்த வியாழனை எடுத்து, மை ஊற்றாமலே, பழைய வரியின் ஓரத்தில் ஊன்றினார்.

'இது பொய். எழுதியவன் தகப்பன் ஞானையன்.'

மை வந்தது. கீழே மகளின் பெயரை எழுதினார், வயது இருபத்தைந்து. அதற்கும் வந்தது. மூடி போடும்போது பேனா விரலில் கனத்தது, அப்போதுதான் நிரப்பியதுபோல.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முதுகு வளையாமல் வெளியே வந்தார்.

"மம்பட்டிய எடு, சிலுவைதாசா. அந்தக் குழிய நானே திறக்கேன். உள்ள ஆளில்லன்னு ஊரு பாக்கட்டும்."