மூன்றாவது கை

என் கணவருக்கு இசைக்காரர்கள் வைத்த பட்டப்பெயர் 'மூணு கை'. ஆர்கனில் உட்கார்ந்தால் வலது கை பாட்டை வாசிக்கும், இடது கை அதற்குத் துணை போகும், கீழே வரிசையாக இருக்கும் மரக்கட்டைகளை மிதித்து இடது கால் பேஸ் என்கிற அடிச்சுருதியை வாசிக்கும். அந்தக் கால்தான் மூன்றாவது கை. அதுதான் என் அண்ணன் வயிற்றில் அடித்ததும்.

ஆரம்பத்தில் அவர் பியானோக்காரர். பகலில் நடனப் பள்ளியில் பிள்ளைகள் குதிப்பதற்கு வாசிப்பார், சாயங்காலம் ஓட்டல் கூடத்தில் ஜாஸ். பக்கத்தில் என் அண்ணன், தன்னைவிட உயரமான டபுள் பேஸ் என்ற தந்தி வாத்தியத்தைக் கட்டிக்கொண்டு நிற்பான். பின்னால் டிரம்ஸ்காரர். அண்ணன் அந்தப் பேஸோடு பஸ் ஏறினால் ஆளாளுக்குக் கத்துவார்கள். "கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடியே ஒண்ணைச் சுமக்கிறேன், பாவம் பாருங்கப்பா" என்பான். அவன் வீட்டுக்கு அழைத்து வந்த சிநேகிதனைத்தான் நான் கட்டிக்கொண்டேன்.

அப்புறம் ஓட்டலுக்கு ஆர்கன் வந்தது. காலாலேயே பேஸ் வாசிக்கலாம் என்று தெரிந்ததும் மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. மிதித்து மிதித்துப் பழகினார். ஒருநாள் சாப்பிடும்போது, உப்பை எடு என்கிற மாதிரி, "மச்சான், அடுத்த வாரத்துலேருந்து நீ வர வேண்டாம்" என்றார். அண்ணன் தட்டில் இருந்ததை முழுசாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தான். அதற்குப் பிறகு எங்கள் வாசற்படி மிதிக்கவில்லை. ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலைக்குப் போய்விட்டான்.

இவர் இசைத்தட்டு போட்டார், வெளியூரெல்லாம் போனார். வானொலியில் கைதட்டல் கேட்கும்போது எனக்குப் பெருமையாகவும் இருக்கும், பற்றிக்கொண்டும் வரும்.

கட்டை காலுக்குத் தட்டுப்பட வேண்டும் என்று வெறுங்காலோடுதான் வாசிப்பார். சர்க்கரை நோய் வந்த பிறகும் அப்படித்தான். ஒரு கட்டத்தில் பேஸ் தடுமாற ஆரம்பித்தது. "கீழ்க்கட்டை சரியில்ல" என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டார். அவர் கழற்றிப் பார்த்து, "எல்லாம் நல்லாத்தானே சார் இருக்கு" என்றார். இவருக்கு வந்ததே கோபம். வேறொரு மெக்கானிக் வந்து கட்டைகளையே மாற்றிப்போட்டார். அப்போதும் தடுமாற்றம் போகவில்லை. மரத்துப்போனது கால் என்று வேறு யாராக இருந்தாலும் யோசித்திருப்பார்கள். இவர் ஆர்கனைத்தான் திட்டினார். புதுக் கட்டையின் ஓரம் கிழித்துப் பாதத்தில் புண் வந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. நாற்றம் எடுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தவர் ஜன்னலைப் பார்த்தபடியே கிடந்தார். பேச்சு கிடையாது, சாப்பாடு பாதி இறங்காது. ஓட்டல் மேனேஜர் வந்து பார்த்தார். "பேஸுக்கு ஒரு ஆளைச் சேர்த்துக்கிட்டு ஒரு மத்தியானம் வாசிச்சுக் காட்டுங்க. நல்லா வந்தா மேடை பழையபடி உங்களுக்கு. இல்லேன்னா நாங்க வேற ஆளைப் பார்க்கணும்" என்றார். வாசிக்காமல் உட்கார்ந்திருந்தால் இவர் அதிக நாள் தாங்க மாட்டார் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கிடங்குக்குப் போனேன்.

அண்ணன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "எந்தக் கால்?"

"இடது."

கையிலிருந்த பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தான். "அவன் கூப்பிட்டானா?"

"ஆமா அண்ணே. உன்னைத்தான் கேக்கறார்" என்று பொய் சொன்னேன்.

மத்தியானம், காலி நாற்காலிகள் நிறைந்த கூடம். மேனேஜர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். இவருடைய கால்சட்டையின் காலியான பக்கத்தை மடித்து ஊசி குத்திவிட்டிருந்தேன். அண்ணன் பேஸோடு உள்ளே வந்ததும் இவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், வந்துட்டியா" என்று குழந்தை மாதிரி அழுதார். நான் பொய்யே சொல்லியிருக்க வேண்டாம். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

வாசிக்க ஆரம்பித்தார்கள். அண்ணனுடைய விரல்கள் காய்த்துப்போயிருந்தாலும் பேஸ் மறக்கவில்லை. டிரம்ஸ்காரர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். ஆனால் இவர் முகம் கோணியது. தாளம் விலகியது. சட்டென்று நிறுத்திவிட்டார்.

"மச்சான், நீ வாசிக்காதே. ரெண்டு பேஸ் கேக்குது. எதைப் பிடிக்கறதுன்னு தெரியல."

மடித்துக் குத்திய அந்தத் துணிக்குள் மிச்சக் கால் தாளம் தவறாமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இல்லாத பாதம் கட்டைகளை மிதிப்பதும், அதன் சத்தம் அவருக்கு மட்டும் கேட்பதும் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அண்ணன் தந்திகளின் மேல் உள்ளங்கையை வைத்து அமர்த்தினான். அதே காலுக்காக இரண்டாவது தடவை ஒதுங்கி நின்றான்.

இவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அடியில் எதுவும் இல்லாமல் பாட்டு அந்தரத்தில் தொங்கியது. இவரோ கண்ணை மூடிக்கொண்டு, எத்தனையோ மாதமாக நான் பார்க்காத சிரிப்போடு வாசித்தார். மேனேஜர் பாதியிலேயே எழுந்து, சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார். இவர் கவனிக்கவில்லை.

முடித்ததும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அண்ணன் பக்கம் திரும்பினார்.

"கேட்டியா மச்சான்? கட்டை சரியாயிடுச்சு."

அண்ணன் பேஸைப் பைக்குள் போட்டு மூடிக்கொண்டிருந்தான்.

"கேட்டேன் மாப்ளே" என்றான். "நல்லாக் கேட்டுச்சு."