பூமியை அளக்க இரண்டு பேர்

கல்லூரி விண்ணப்பத்தோடு வீட்டிலேயே செய்த ஆய்வு ஒன்றை இணைத்தால் எடுபடும், ஆனால் கொஞ்சம் பெரிதாக யோசிக்க வேண்டும் என்றார் இயற்பியல் ஆசிரியை. வகுப்பில் ஒருத்தன் தொலைநோக்கி செய்யக் கிளம்பினான். இன்னொருத்தி லேசர் வாங்கினாள். நான் பூமியைத் தேர்ந்தெடுத்தேன். அதன் சுற்றளவை ஒரு மீட்டர் குச்சியால் அளப்பது.

செலவு குறைவு என்று ஆசிரியையிடம் சொல்லி வைத்தேன். உண்மையான காரணம் வேறு. இதை ஒருத்தியாகச் செய்ய முடியாது. நேர் வடக்கே, வெகு தொலைவில், இன்னொருவர் அதே நாள் உச்சிவெயிலில் அதே அளவு குச்சியை நிறுத்தி நிழலை அளக்க வேண்டும். இரண்டு நிழல்களின் வித்தியாசத்தில் பூமியின் வளைவு தெரிந்துவிடும். நேர் வடக்கே, பேருந்தில் ஒரு பகல் தூரத்தில், அப்பா இருந்தார். அம்மாவைப் பிரிந்து போனதிலிருந்து மாதம் ஒரு தடவை போன் செய்து "நல்லா படிக்கிறியா" என்பார். "படிக்கிறேன்" என்பேன். அதற்கு மேல் இருவருக்கும் பேச ஒன்றும் அகப்படாது. ஒரு குச்சியாவது அகப்படட்டும் என்று நினைத்தேன்.

அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எதையும் லேசில் நம்ப மாட்டாள். "உங்க அப்பாவா? வெயில்லயா?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

அளக்க வேண்டிய நாள், நேரம், குச்சியின் உயரம் எல்லாவற்றையும் அப்பாவிடம் போனில் சொன்னேன். குச்சி, அதை நிறுத்தும் பலகை, அளவுகோல் எல்லாவற்றையும் ஓர் அட்டைக்குழலில் அடைத்துக் கூரியரில் அனுப்பினேன். எப்படி நிறுத்துவது என்று படமும் வரைந்து வைத்தேன். படத்தில் குச்சிக்குப் பக்கத்தில் ஓர் ஆள். சிரிப்பாரே என்று அந்த ஆளுக்குக் கொஞ்சம் தொப்பை போட்டேன்.

குறித்த நாளில் மொட்டை மாடியில் நின்று நிழலை அளந்தேன். முதுகு பொரிந்தது. இதே நேரம் அங்கே அவரும் குனிந்துகொண்டிருப்பார் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான்.

மாலையில் போன் வந்தது.

"அளந்துட்டேன் குட்டி. எழுதிக்கோ."

"குச்சி நேரா நின்னுச்சாப்பா?"

"ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சு. வெயில்தான் மண்டையப் பொளந்துருச்சு."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கணக்குப் போட்டால், புத்தகத்தில் இருக்கும் சுற்றளவுக்கு மயிரிழை தள்ளி நின்றது விடை. ஆசிரியைக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அடுத்த வாரம் அட்டைக்குழல் திரும்பி வந்தது. ஒட்டிய டேப் ஒட்டியபடியே இருந்தது. அந்த முகவரியில் இருந்தவர் எப்போதோ வீடு மாறிப் போய்விட்டார் என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள். புது வீடு எங்கே என்று எனக்குத் தெரியாது. நிழலின் அளவை இணையத்தில் தேடி எடுத்துச் சொல்வது, வெயிலில் நிற்பதைவிடச் சுலபம்தான். பொய் சொன்னதுகூடப் போகட்டும், அந்த வெயிலுக்கு நான் அப்படிச் சிரித்திருக்க வேண்டாம்.

அம்மாவிடம் குழலைக் காட்டவில்லை. "சொன்னேன்ல" என்று அவள் சொல்ல மாட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

ஆய்வைத் திரும்ப வாங்கப் போனபோது ஆசிரியைக்குக் கோபம் வந்தது. "பைத்தியமா உனக்கு? இதைவிட நல்ல விடை யாருக்கு வரும்?"

"அந்த அளவை யாரும் அளக்கல மேடம்" என்றேன்.

ஒருத்தியாகவே செய்ய ஒரு வழி இருந்தது. மேற்கே பார்த்த எங்கள் ஊர்க் கடற்கரையில் படுத்தபடி சூரியன் மறைவதைப் பார்க்க வேண்டும். கடைசிக் கீற்றும் போனவுடன் சட்டென்று எழுந்து நின்றால், உயரம் கூடியதால் மறுபடி தெரியும். பிறகு இன்னொரு தடவை மறையும். இடைப்பட்ட நேரம் கணக்குக்குப் போதும். மாலை தவறாமல் போய் மணலில் விழுந்து எழுந்தேன். நடக்க வந்தவர்கள் என்னைப் பார்த்து ஒதுங்கிப் போனார்கள். விடையில் பூமி கால் பங்கு பெருத்துப்போயிருந்தது. அப்படியே எழுதி அனுப்பினேன்.

மாதம் பிறந்ததும் அப்பா கூப்பிட்டார். "என் அளவு உதவுச்சா குட்டி?"

புது வீடு எங்கே என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டால் அடுத்த மாதம் இந்தப் போனும் வராமல் போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

"ரொம்ப உதவுச்சுப்பா."

"வேற ஏதாவது அளக்கணும்னாலும் சொல்லு" என்றார். "நான் இருக்கேன்ல."