அடிப்பழம்

பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில் பெட்டியை இறக்கினால், ஏலம் விடுகிற மண்டிக்காரர் முதலில் கையை அடிவரை விட்டுத் துழாவுவார். மேலே நல்ல பழத்தை அடுக்கி, அடியில் நசுங்கியதைப் போட்டுக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எங்கள் ஊர்ப் பெண்கள் இரண்டு பேருடைய பெட்டிக்குள் மட்டும் அவர் கை விட்டதில்லை. "அமுதவல்லி, ரோசம்மா பழமா? தள்ளு இந்தப் பக்கம்" என்பார். கேட்கிற எனக்கே நெஞ்சு நிமிரும். அவர்களுக்கு எப்படி இருக்கும் என்று பாருங்கள் கண்ணுகளா.

அந்தப் பெயரைச் சம்பாதித்த விதத்தைச் சொல்கிறேன். இரண்டு பேர் தக்காளிக் காடும் ஒரே வரப்புக்கு இரண்டு பக்கம். பறித்த பழத்தைப் புங்கமரத்தடியில் கொட்டி, ஒருத்தி பழத்தை மற்றவள் தரம் பிரிப்பாள். தண்ணீர் கட்டி வளர்த்தவளுக்குத் தன் பழத்தைக் கழிக்க மனசு வராது, அதனால்தான். கழித்த பழத்தை உடையவள் திரும்பப் பெட்டியில் போடக் கூடாது. கையில் எடுத்து, "இது எதுக்கு?" என்று மட்டும் கேட்கலாம். கழித்தவள் காரணத்தைக் காட்ட வேண்டும். புழு ஓட்டையோ வெடிப்போ காட்ட முடியவில்லை என்றால் பழம் பெட்டிக்குப் போய்விடும்.

அப்படி இருந்தவர்களுக்கு நடுவில் தேர்தல் வந்தது. ஒருத்தி ஒரு கட்சி, மற்றவள் எதிர்க்கட்சி. எந்தக் கட்சி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களில் பாதிப் பேர் இப்போதே ஒருத்தி பக்கம் சாய்ந்துவிடுவீர்கள்.

பிரச்சார வண்டி ஒன்று ரோட்டில் கத்திக்கொண்டு போன மத்தியானம் அது. அமுதவல்லிதான் ஆரம்பித்தாள்.

"உங்காளு அஞ்சு வருசமா ஏரிப் பக்கம் எட்டிப் பாத்தானாக்கா?"

"அதுக்கு முன்ன உங்காளு என்னா, ஏரியிலயே நீச்சலடிச்சிட்டு இருந்தானா?"

"நீச்சலடிக்கத் தண்ணி வேணுமில்ல."

அதுவரை சிரிப்புதான். வார்த்தை ஏறிக்கொண்டே போனது. ஒரு கட்டத்தில் அமுதவல்லி, "சர்ச்சுல எந்தப் பக்கம் கை காட்டறாங்களோ அந்தப் பக்கம் குத்தறவ நீ. உனக்கு என்னா தெரியும்?" என்றாள்.

ரோசம்மாள் கையிலிருந்த பழத்தைக் கீழே வைத்தாள். "புருசன் கண்ணக் காட்டற பக்கம் குத்தறவளுக்கு ரொம்பத் தெரியுமோ?"

அன்றே பழக்குவியல் இரண்டும் தனித்தனியாகப் போயின. அவரவர் பழத்தை அவரவரே பிரித்தார்கள். லேசாக இளகிய பழத்தைப் பார்த்து, இது மண்டி வரைக்கும் தாங்கும் என்று ஒருத்தி நினைத்தாள். வரப்புக்கு அந்தப் பக்கம் மற்றவளும் அதையேதான் நினைத்தாள்.

மறுநாள் மண்டிக்காரர் வழக்கம்போலக் கை விடாமல் ஏலம் கூறினார். எடுத்த வெளியூர் வியாபாரி பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் சாறு வழிந்து கிடந்தது. அமுதவல்லி பெட்டியிலும் அப்படி, ரோசம்மாள் பெட்டியிலும் அப்படி. மண்டிக்காரர் சத்தம் போடவில்லை. "இனிமே நானும் கை வுட்டுத்தான் பாப்பனுங்க. கோச்சுக்காதீங்க" என்றார். அவர் மரியாதையாகச் சொன்னதுதான் சுட்டது.

ஊர் திரும்பும் குட்டியானை வண்டியில், காலிப் பெட்டிகளுக்கு நடுவில் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாதி வழியில் ரோசம்மாள் கேட்டாள்.

"சர்ச்சுல சொல்ற பக்கம் குத்தறேன்னியே அமுதா. அது எதுக்கு?"

எத்தனை யோசித்தும் அமுதவல்லிக்குக் காட்டுவதற்கு ஓட்டையும் இல்லை, வெடிப்பும் இல்லை.

"காட்ட முடியலக்கா."

"உன் புருசனச் சொன்னதுக்கு என்னாலயும் காட்ட முடியாது."

அன்று மாலையே குவியல்கள் புங்கமரத்தடிக்குத் திரும்பின. கட்சிப் பேச்சை விட்டுவிடலாம் என்று அமுதவல்லி சொன்னபோது ரோசம்மாள்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "எதுக்கு வுடணும்? ஓட்டு நம்மளுது. எங்கட்சியக் கொட்டறேன், பிரி. பழத்துக்கு என்னா முறையோ அதே முறை."

"அத்தனையும் அழுகல்."

"வாய்க்கா வெட்டுனாங்களே, இது எதுக்கு?"

"வெட்டுனாங்க. தண்ணி வரலியே."

"தண்ணி வராதது ஓட்டை, ஒத்துக்கறேன். வாய்க்காலே இல்லன்னு சொல்லுவியா?"

அமுதவல்லி முனகினாள். "சரி, வாய்க்கா பெட்டிக்குப் போவட்டும்."

அடுத்து அமுதவல்லியின் கட்சி. தக்காளிக்குக் குளிர்கிடங்கு கட்டுவதாகச் சொன்னதை ரோசம்மாள் எடுத்த எடுப்பில் கழித்தாள்.

"இது எதுக்குக்கா?"

"அடிக்கல்லோட நிக்குது. போய்ப் பாரு, அந்தக் கல்லுல ஆடு கட்டியிருக்காங்க."

அமுதவல்லி தலையைக் குனிந்துகொண்டாள். "அது எங்க ஆடுதான்."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மரத்துக் காக்கை பறந்தது.

எல்லா நாளும் இப்படிச் சிரிப்பாகப் போனது என்று நினைக்காதீர்கள். தன் கட்சியை மற்றவள் கழிக்கும்போது வாயை மூடிக்கொண்டு இருப்பது, வெயிலில் குனிந்து பழம் பறிப்பதைவிடக் கஷ்டம். ஒருநாள் ரோசம்மாள் எழுந்து போய்க் குடம் தண்ணீரில் பாதியை முகத்தில் அடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஆனால் வந்து உட்கார்ந்தாள். பெரிய பெரிய மேடைக்காரர்கள் செய்யாததை எங்கள் ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் செய்தார்கள். அதை நான் யாரிடமும் தலை நிமிர்ந்து சொல்வேன்.

ஓட்டுப் போட்ட மறுநாள் விடியலில், விரலில் மை காயாத குறையாக இரண்டு பேரும் மண்டியில் நின்றார்கள். மண்டிக்காரர் முதல் பெட்டியில் கையை விட்டார். முழங்கை வரை போனது. உருண்டையாக, கெட்டியாக ஒரு பழம் மேலே வந்தது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவது பெட்டிக்கு அவர் கை தயங்கியது.

"வுடுங்க, அடி வரைக்கும் வுட்டுப் பாருங்க" என்றாள் அமுதவல்லி.

"எதுக்கும்மா?" என்று கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு ஏலம் கூற ஆரம்பித்தார்.

அன்றைக்குக் கவிழ்த்துப் பார்த்த அதே வெளியூர் வியாபாரி, மை வைத்த விரல்களைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒரே கட்சிங்களா?" என்றார்.

"ஆளுக்கொண்ணு" என்றாள் ரோசம்மாள். "நீங்க பழத்தப் பாருங்க."